டிவியில் வசனம் புரியவில்லையா? படிப்படியாகச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

பேசுவது கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டுகிறோம். அடுத்த நிமிடமே சண்டைக் காட்சி வந்து வீடு அதிர்கிறது. பதறிப்போய்க் குறைக்கிறோம். மறுபடி வசனம் முணுமுணுப்பாகிவிடுகிறது. படம் முடியும்வரை ரிமோட் கையைவிட்டு இறங்குவதில்லை.

உறவினர், நண்பர் என்று பல வீடுகளில் இந்தத் தொல்லையைச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். எல்லா இடத்திலும் ஒரே தடுமாற்றத்தைத்தான் பார்த்தேன். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். புது சவுண்ட்பார், அதாவது டிவியின் கீழே வைக்கும் நீளமான ஸ்பீக்கர் பெட்டி, வாங்கி மாட்டுகிறார்கள். பழைய அமைப்பில் இருந்த கோளாறு அப்படியே புதுப் பெட்டிக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஒலி ஒரு பாதையில் வருகிறது. படத்தின் ஆடியோ டிராக், அதை ஓட்டும் ஆப் அல்லது பிளேயர், டிவி, கேபிள், ஸ்பீக்கர், அறை, கடைசியில் காது. தொடக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். மேலே தண்ணீர் அடைபட்டிருக்கும்போது கீழே குழாயை மாற்றிப் பயனில்லை.

தொடங்கும் முன் என்னென்ன வேண்டும்

எல்லா ரிமோட்டுகளும், ஒரு தாள், பேனா, வயர் உள்ள ஒரு ஹெட்போன், சத்த அளவு காட்டும் ஆப் ஒன்று ஏற்றிய போன். வீடு அமைதியாக இருக்கும் ஒரு மணி நேரம். முக்கியமாக, ‘எனக்குத்தான் புரியவில்லை’ என்று சொல்கிற அந்த நபர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவருடைய காதுக்காகத்தான் இந்த வேலை. உங்கள் காதுக்குச் சரியாகப் படுவதை வைத்து முடிவெடுத்தால், மறுநாளே அவர் திரும்பக் கூப்பிடுவார்.

1. ஒரே ஒரு சோதனைக் காட்சியைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு நிமிடக் காட்சி போதும். அதில் ஒருவர் மெதுவாகப் பேச வேண்டும், பின்னணி இசை ஓட வேண்டும், நடுவில் ஒரு பெரிய சத்தம் வர வேண்டும். நீங்கள் மனப்பாடமாக அறிந்த வசனமாக இருக்கக் கூடாது. தெரிந்த வசனத்தைக் காது கேட்காது, மனமே நிரப்பிவிடும்.

காட்சி தொடங்கும் நேரத்தையும் இப்போதைய வால்யூம் எண்ணையும் தாளில் எழுதுங்கள். இனி ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு மாற்றம், அதே காட்சி, அதே வால்யூம். இரண்டு மாற்றங்களைச் சேர்த்துச் செய்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

2. ஹெட்போனில் கேட்டு, கோளாறு எந்தப் பக்கம் என்று பிரியுங்கள்

டிவியில் ஹெட்போன் துளை இருந்தால் அதில், இல்லையென்றால் அதே படத்தைக் கணினியிலோ போனிலோ ஓட்டி ஹெட்போனில் கேளுங்கள்.

ஹெட்போனில் வசனம் தெளிவாக இருந்தால், பதிவில் குறையில்லை. உங்கள் ஸ்பீக்கரோ அறையோ அமைப்போதான் கெடுக்கிறது. அதாவது, உங்கள் கையில் இருக்கும் பிரச்சினை. ஹெட்போனிலும் புரியவில்லை என்றால், நடிகரின் உச்சரிப்போ, படப்பிடிப்பில் மைக் இருந்த இடமோ, ஒலிக்கலவையில் இசைக்குக் கொடுத்த அளவோ காரணமாக இருக்கலாம். அப்போதும் கீழே உள்ள படிகள் ஓரளவு உதவும், முழுக்கக் குணமாக்காது. இது முன்கூட்டியே தெரிந்தால் வீண் செலவு மிச்சம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஹெட்போன் பின் துளைக்குள் முழுதாக இறங்காமல் பாதியில் நின்றால் விசித்திரமான ஒன்று நடக்கும்: இசையும் எதிரொலியும் கேட்கும், வசனம் மட்டும் காணாமல் போகும். பொதுத் தொடர்பு விட்டுப்போனதால் இடது, வலது சேனல்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் மட்டும் காதுக்கு வருகிறது. வசனம் இரண்டிலும் சமமாக இருப்பதால் ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. பின்னை அழுத்திச் செருகிவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

3. எல்லா ‘மேம்பாடு’களையும் அணையுங்கள்

டிவியின் சவுண்ட் மெனுவில் வர்ச்சுவல் சரவுண்ட், பாஸ் பூஸ்ட், ஆட்டோ வால்யூம், கிளியர் வாய்ஸ் என்று என்னென்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் அணைத்து, ‘ஸ்டாண்டர்ட்’ நிலைக்குக் கொண்டுவாருங்கள். சவுண்ட்பாரிலும் அப்படியே.

கிளியர் வாய்ஸ் நல்லதுதானே, அதை ஏன் அணைக்க வேண்டும் என்று கேட்பார்கள். அதை 10-ஆம் படியில் திரும்பப் போடலாம். இப்போது நமக்குத் தேவை ஒரு சுத்தமான தொடக்கம். டிவியில் ஒரு தெளிவாக்கும் வசதி, சவுண்ட்பாரில் இன்னொன்று, இரண்டும் சேர்ந்து ஓடி வசனத்தைத் தகரத்தில் தட்டியதுபோல் ஆக்கியிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வர்ச்சுவல் சரவுண்ட் மட்டும் தனிக் குற்றவாளி. இரண்டு சின்ன ஸ்பீக்கரை வைத்து அறை முழுதும் ஒலி வருவதுபோல் காட்ட, அது சேனல்களைத் தாமதப்படுத்தியும் திருப்பியும் கலக்கிறது. அதில் முதலில் அடிபடுவது நடுவிலிருந்து வரும் குரல்தான். இதை அணைத்ததுமே பாதிப் புகார் தீர்ந்த வீடுகள் உண்டு.

4. சரியான ஆடியோ டிராக் ஓடுகிறதா என்று பாருங்கள்

ஓடிடி ஆப்களில் மொழி மெனுவைத் திறந்தால் ஒரே மொழிக்கு இரண்டு மூன்று டிராக்குகள் இருப்பதுண்டு. ஒன்று சாதாரண ஸ்டீரியோ, இன்னொன்று 5.1.

5.1 என்றால் ஆறு சேனல்கள்: முன்னால் இடது, நடு, வலது, பக்கவாட்டில் அல்லது பின்னால் இரண்டு, கனமான அதிர்வுகளுக்கு ஒன்று. வசனத்தின் பெரும்பகுதி நடு சேனலில்தான் இருக்கும். உங்களிடம் டிவியின் இரண்டு ஸ்பீக்கர் மட்டும் இருந்தால், இந்த ஆறையும் சாதனம் இரண்டாக மடக்க வேண்டும். வழக்கமாக நடு சேனலை 3 டெசிபல் குறைத்து இரு பக்கமும் சேர்ப்பார்கள். பின்பக்கச் சத்தங்களும் அதே இரண்டு ஸ்பீக்கருக்குள் வந்து நெருக்கும். தனி இருக்கையில் உட்கார்ந்திருந்த வசனம் கூட்டத்தில் மாட்டிக்கொள்கிறது. ஆகவே டிவி ஸ்பீக்கர் மட்டும் இருப்பவர்கள் ஸ்டீரியோ டிராக் கிடைத்தால் அதைப் போட்டு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அமேசான் பிரைம் வீடியோவில் சில படைப்புகளுக்கு ‘டயலாக் பூஸ்ட்’ என்று ஒரு டிராக் உண்டு, 2023-இல் வந்தது. பின்னணியோடு ஒப்பிட்டு வசனத்தை உயர்த்தித் தரும். இருந்தால் தயங்காமல் போடுங்கள்.

இன்னொரு தவறு: பார்வையற்றோருக்கான விளக்கக் குரல் டிராக்கைத் தெரியாமல் தேர்ந்தெடுத்துவிட்டு, ‘யாரோ நடுவில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்’ என்று குழம்புவது. மெனுவில் ‘ஆடியோ டிஸ்கிரிப்ஷன்’ என்று இருந்தால் அதை மாற்றுங்கள்.

5. டிவியிலிருந்து என்ன வடிவத்தில் ஒலி வெளியே போகிறது?

சவுண்ட்பாரோ ரிசீவரோ (பல ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இல்லாதவர்கள் டிஜிட்டல் அவுட்புட்டை ‘பிசிஎம்’ (சுருக்காத டிஜிட்டல் ஒலி) என்று வைத்துவிட்டு 7-ஆம் படிக்குப் போகலாம். மற்றவர்கள் இங்கே நிதானமாக நில்லுங்கள். நான் பார்த்த கோளாறுகளில் அதிகம் இங்கேதான்.

முதலில் கேபிள். எச்டிஎம்ஐ வழியாக சவுண்ட்பாரை இணைத்தால், டிவியில் ‘ஏஆர்சி’ அல்லது ‘இஏஆர்சி’ என்று எழுதியிருக்கும் துளையில்தான் செருக வேண்டும். மற்றத் துளைகள் டிவிக்குள் வரும் பாதைகள். ஒலியை வெளியே அனுப்பாது. கூடவே, பல டிவிகளில், இணைந்த சாதனங்கள் ஒன்றையொன்று இயக்க உதவும் ‘சிஇசி’ வசதியையும் மெனுவில் இயக்கினால்தான் ஏஆர்சி வேலை செய்யும். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது.

ஆப்டிகல் கேபிள் என்றால் அதில் போகக்கூடியது இரண்டே வகை: இரண்டு சேனல் பிசிஎம், அல்லது சுருக்கப்பட்ட 5.1, அதாவது டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் போன்றவை. டிவியில் ‘பிசிஎம்’ என்று வைத்திருந்தால் ஆப்டிகல் வழியாக ஸ்டீரியோதான் போகும். நடு ஸ்பீக்கர் உள்ள நல்ல சவுண்ட்பாரை வாங்கி வைத்துவிட்டு, அதற்கு நடு சேனலே போகாமல் பல மாதம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். சாதாரண ஏஆர்சியிலும் பிசிஎம் என்றால் இதே கதைதான். ஆறு சேனல் பிசிஎம் போக இஏஆர்சி வேண்டும்.

ஆகவே நடு ஸ்பீக்கர் இருப்பவர்கள் டிவியின் டிஜிட்டல் அவுட்புட்டை ‘ஆட்டோ’, ‘பாஸ்த்ரூ’ அல்லது ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று மாற்றுங்கள். ஸ்ட்ரீமிங் பெட்டி தனியாக இருந்தால் அதன் ஆடியோ மெனுவிலும் பார்க்க வேண்டும். டிவியில் சரி செய்துவிட்டுப் பெட்டியில் ஸ்டீரியோவாக விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் மறதி.

செய்ததை நம்பாதீர்கள், சரிபாருங்கள். 5.1 டிராக் உள்ள படத்தை ஓட்டி, சவுண்ட்பாரின் ஆப்பிலோ ரிசீவரின் முகப்பிலோ என்ன காட்டுகிறது என்று பாருங்கள். ‘டால்பி’ அல்லது ‘டிடிஎஸ்’ என்று வந்தால் பாதை திறந்திருக்கிறது. ‘பிசிஎம் 2.0’ என்றால் எங்கோ அடைப்பு இருக்கிறது.

6. நடு ஸ்பீக்கர் உண்மையிலேயே பேசுகிறதா?

பெரியப்பா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர், சப்வூபர் (கனமான தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்), எல்லாம் இருந்தது. ஆனால் படத்தில் எல்லோரும் பக்கத்து அறையில் நின்று பேசுவதுபோல் இருந்தது. இசையும் மழைச் சத்தமும் நன்றாகக் கேட்டன. வயதாகிவிட்டது, காது போய்விட்டது என்று அவரே தீர்மானித்துவிட்டிருந்தார்.

டிவியின் கீழே குனிந்து, நடு ஸ்பீக்கரின் முகத்துணிமேல் காதை வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. பெட்டியைத் திருப்பினால், சிவப்பு முனையிலிருந்து செம்புக் கம்பி நழுவி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எப்போதோ தூசு துடைக்கும்போது இழுபட்டிருக்கும். ரிசீவரோ நடு ஸ்பீக்கர் இருப்பதாக நினைத்து வசனத்தை அந்த வெறும் கம்பிக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது மற்ற ஸ்பீக்கர்களில் கசிந்த மிச்சத்தை மட்டும். கம்பியை முறுக்கிச் செருகியதும் முதல் வசனத்திலேயே பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதனால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்: யாராவது பேசும் காட்சியை ஓட்டி, ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் காதை வைத்துப் பாருங்கள். ரிசீவரில் ‘டெஸ்ட் டோன்’ வசதி இருந்தால் இன்னும் எளிது. இரைச்சல் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும்.

நடு ஸ்பீக்கரே இல்லாதவர்கள் ரிசீவரின் ஸ்பீக்கர் மெனுவில் சென்டர் என்பதை ‘நன்’ (இல்லை) என்று வைக்க வேண்டும். அப்போதுதான் ரிசீவர் வசனத்தை இடது, வலது இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும்.

அடுத்து வயர் திசை. இடது, வலது ஸ்பீக்கர்களில் ஒன்றில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால், ஒன்று முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுக்கும். நேர் நடுவில் உட்கார்ந்து கேட்டால் குரல் திரையிலிருந்து வராது. எங்கிருந்து என்று சொல்ல முடியாமல் தலையைச் சுற்றி மிதக்கும், கனமும் குறைந்திருக்கும். ஒரு ஸ்பீக்கரின் வயரை மட்டும் மாற்றிப் போட்டுக் கேளுங்கள். குரல் சட்டென்று திரையின் நடுவுக்கு வந்து நின்றால், முன்பு தவறாக இருந்தது என்று பொருள்.

7. ஸ்பீக்கரின் இடம், அறை

‘கடை, தடை, நடை, படை, மடை.’ இந்தச் சொற்களைப் பிரித்துக் காட்டுவது முதல் மெய்யொலி மட்டும்தான். பின்னால் வரும் ‘அடை’ எல்லாவற்றுக்கும் பொது. உயிரொலிகளின் பலம் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்கு (விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு) கீழே இருக்கிறது. மெய்யொலிகளை அடையாளம் காட்டும் விவரம் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை, ‘ஸ’ போன்றவற்றில் அதற்கும் மேலே, மிக மெல்லியதாக இருக்கிறது. அந்த மேல்பகுதி தடைபட்டால் ‘அடை, அடை, அடை’ என்றுதான் கேட்கும். பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை என்பார்களே, அது இதுதான்.

இந்த மேல் அலைகள் நேர்கோட்டில் போகும் குணம் உள்ளவை; தடுப்பு வந்தால் அவ்வளவாகச் சுற்றி வளைந்து வராது. இப்போதைய மெல்லிய டிவிகள் பலவற்றில் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்சுவரை நோக்கியோ இருக்கிறது. மேசையில் பட்டும் சுவரில் பட்டும் தெறித்துத்தான் காதுக்கு வருகிறது.

ஆகவே டிவியை மேசையின் முன்விளிம்புவரை இழுங்கள். அலமாரிக் குழிக்குள் இருந்தால் வெளியே கொண்டுவாருங்கள். சவுண்ட்பாரின் முகமும் மேசை விளிம்போடு சேர்ந்து நிற்க வேண்டும். அதன் முன்னால் போட்டோ, பொம்மை எதுவும் வேண்டாம். நடு ஸ்பீக்கர் முழங்கால் உயரத்தில் இருந்தால், முன்பக்கத்தின் அடியில் ஒரு ரப்பர் துண்டு வைத்து, முகம் உங்கள் காதைப் பார்க்கும்படி சாய்த்துவிடுங்கள். செலவில்லாத வேலை, பலன் உடனே தெரியும்.

அப்புறம் தூரம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் நேரடி ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள் எதிரொலி மட்டும் அவ்வளவாகக் குறையாது. அதனால் பின்னால் போகப் போக, குரலைவிட எதிரொலி அதிகமாகக் கேட்கும். நாற்காலியை ஒரு மீட்டர் முன்னால் போடுவது, வால்யூமைக் கூட்டுவதைவிட நல்ல வழி.

அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். ‘டர்ர்’ என்று இழுத்தால் வெறும் சுவரும் வெறும் தரையும் ஒலியைப் பந்தாடுகின்றன. டிவிக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு தடித்த விரிப்பு, ஜன்னலுக்குக் கனத்த திரை, ஒரு புத்தக அலமாரி, இவை போதும். சுவரில் நுரைப்பலகை ஒட்டுவதெல்லாம் வசனத்துக்காக மட்டும் தேவையில்லை என்பது என் அனுபவம். மின்விசிறியின் இரைச்சலையும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். மெல்லிய மெய்யொலிகளை முதலில் விழுங்குவது அதுதான்.

8. நடு சேனலின் அளவைக் கூட்டுங்கள்

இடம் சரியான பிறகுதான் அளவு. இடத்தை மாற்றினால் அளவும் மாறும் என்பதால் இந்த வரிசை.

ரிசீவரில் தானாக அளவிடும் மைக் வசதி இருந்தால் முதலில் அதை ஓட்டுங்கள். மைக்கை நாற்காலியின் சாய்மானத்தில் படுக்க வைக்காதீர்கள். உட்கார்ந்தால் உங்கள் காது எங்கே வருமோ அந்த உயரத்தில், ஏதாவது தாங்கியில் நிற்க வேண்டும். அந்த வசதி இல்லையென்றால், டெஸ்ட் டோனை ஓட்டி, போன் ஆப்பில் எல்லா ஸ்பீக்கரும் ஒரே எண் காட்டும்படி வையுங்கள். வழக்கமாக 75 டெசிபல் வைப்பார்கள். போனின் எண் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை, எல்லாம் ஒன்றுக்கொன்று சமமாக இருந்தால் சரி.

அதன்பின் நடு சேனலை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் உயர்த்துங்கள். சோதனைக் காட்சியை ஓட்டுங்கள். போதவில்லை என்றால் இன்னும் ஒன்று. 6 டெசிபலைத் தாண்டினால் குரல் படத்திலிருந்து பிய்ந்து தனியாக நிற்கும், இடி மின்னல் எல்லாம் பொம்மை போல ஆகும். பல சவுண்ட்பார்களில் இது ‘சென்டர் லெவல்’ அல்லது ‘வாய்ஸ் லெவல்’ என்ற பெயரில் இருக்கும்.

சப்வூபரையும் மறக்காதீர்கள். எந்த அளவுக்குக் கீழே உள்ள ஒலி சப்வூபருக்குப் போக வேண்டும் என்று முடிவுசெய்யும் பிரிப்பு அலைவரிசையை (கிராஸ்ஓவர்) 80 ஹெர்ட்ஸில் வைப்பது நல்ல தொடக்கம். 150-க்குப் போனால் ஆண்குரலின் அடிப்பகுதி சப்வூபருக்குப் போய், பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். சின்னச் சின்ன ஸ்பீக்கர்கள் உள்ள தொகுப்புகளுக்கு மட்டும் இதைவிடக் கூடுதலாக வைக்க வேண்டிவரும்.

9. சத்த ஏற்றத்தாழ்வைச் சுருக்குங்கள்

இனிதான் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே படம் பார்க்கும் பிரச்சினைக்கு வருகிறோம்.

திரையரங்கில் ஒவ்வொரு முன் ஸ்பீக்கரும் 85 டெசிபல் அடிப்படை அளவில் அமைக்கப்படுகிறது. உச்சத்தில் 105 வரை போகலாம். வீட்டுக்கான கலவையில் இடைவெளி குறைவுதான், ஆனாலும் சின்னதில்லை. நெட்ஃபிளிக்ஸ் தனக்கு வரும் படைப்புகளில் வசனத்தின் சராசரி −27 எல்கேஎஃப்எஸ் (டிஜிட்டல் ஒலியின் உச்ச எல்லையைப் பூஜ்யமாக வைத்து அளக்கும் சத்த அளவு), உச்சம் −2 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று கேட்கிறது. அதாவது சராசரி வசனத்துக்கும் உச்சத்துக்கும் நடுவே 25 டெசிபல்வரை இடம் இருக்கிறது. 10 டெசிபல் கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாக நமக்குத் தோன்றும் என்றால், கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரியில், குழந்தை தூங்கும் வீட்டில், அவ்வளவு இடைவெளிக்கு இடமில்லை.

இதற்கான வசதி ‘நைட் மோட்’, ‘டிஆர்சி’, ‘ஆட்டோ வால்யூம்’ என்று பல பெயர்களில் இருக்கிறது. ஆப்பிள் டிவியில் ‘ரெட்யூஸ் லௌட் சவுண்ட்ஸ்’, விண்டோஸ் கணினியில் ‘லௌட்னெஸ் ஈக்வலைசேஷன்’, விஎல்சி பிளேயரில் ‘கம்ப்ரெசர்’. பாதையில் ஏதாவது ஓரிடத்தில் மட்டும் போடுங்கள்.

நடு சேனலைச் சரிசெய்யும் முன்பே இதைப் போடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. சுருக்கும் கருவிக்கு வசனம் எது, இசை எது என்று தெரியாது. சத்தமானதைத் தாழ்த்தும், மெல்லியதை உயர்த்தும், அவ்வளவுதான். வசனம் ஏற்கெனவே இசைக்குள் மூழ்கியிருந்தால் இரண்டும் சேர்ந்தே உயரும். பேச்சின் இடைவெளியில் பின்னணி இசை பொங்கி மேலே வரும். முதலில் வசனத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்க வேண்டும், அப்புறம் அலையை அடக்கலாம்.

நைட் மோட் மெனுவில் மங்கலாக, தொட முடியாமல் இருக்கிறது என்றால் 5-ஆம் படியைத் திரும்பப் பாருங்கள். சில ரிசீவர்களில் டால்பி வடிவத்தில் ஒலி வந்தால்தான் அது செயல்படும். சுருக்குவதற்கான குறிப்புகள் அந்த ஒலியோடு சேர்ந்துதான் வருகின்றன.

10. ஈக்வலைசர், கிளியர் வாய்ஸ்

ஈக்வலைசர் என்பது ஒலியைத் தாழ்ந்தது முதல் மேல்வரை பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாகக் கூட்டவோ குறைக்கவோ உதவும் மெனு. முதலில் குறையுங்கள், பிறகு கூட்டுங்கள். 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை உள்ள பட்டைகளை 2 அல்லது 3 டெசிபல் இறக்குங்கள். கனமான தாழ்ந்த ஒலி, தனக்கு மேலே உள்ள மெல்லிய ஒலிகளை மறைக்கும். காதின் இயல்பு அப்படி. இறக்கிய உடனே குரலின் மேல் இருந்த போர்வை விலகியதுபோல் இருக்கும்.

அப்படியும் போதவில்லை என்றால் 3,000 ஹெர்ட்ஸ் பட்டையை 2 அல்லது 3 டெசிபல் ஏற்றுங்கள். அதற்குமேல் ஏற்றினால் அரை மணி நேரத்தில் காது களைத்துவிடும். ‘ஸ’ எல்லாம் ஊசியாகக் குத்தும்.

இப்போது கிளியர் வாய்ஸைப் போட்டுப் பாருங்கள். அது ஈக்வலைசர் செய்த வேலையையே செய்வதாகத் தெரிந்தால், இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

11. உதடும் குரலும் சேர்கிறதா?

காது சரியாகக் கேட்பவர்களும் பேசுபவரின் உதட்டைப் பார்த்து ஓரளவு புரிந்துகொள்கிறார்கள். ‘ப’ சொல்லும்போது உதடு மூடுவதைக் கண் பார்த்துவிட்டால், காது தடுமாறினாலும் சமாளித்துவிடும். குரல் பிந்தி வந்தால் அந்த உதவி போய்விடும். தவறான உதட்டசைவு குழப்பவும் செய்யும்.

ஒலி முந்தினால் 45 மில்லிசெகண்ட், பிந்தினால் 125 மில்லிசெகண்ட் அளவில் பார்ப்பவருக்குத் தெரிய ஆரம்பிக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. புளூடூத் ஸ்பீக்கர் பல 100 மில்லிசெகண்டுக்கு மேல் பிந்தும். ஆகவே புளூடூத்தில் இணைத்திருந்தால் முதலில் வயருக்கு மாறுங்கள். மெனுவில் ‘லிப் சிங்க்’ அல்லது ‘ஏவி சிங்க்’ என்று இருப்பதில், குரல் முந்துகிறது என்றால் 20, 20 ஆகத் தாமதத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். யாராவது மேசையைத் தட்டும் அல்லது கதவைச் சாத்தும் காட்சி சோதனைக்கு வசதி. டப்பிங் படத்தை வைத்து இதைச் செய்யாதீர்கள். அதில் உதடு எப்போதும் ஒத்துப்போகாது.

12. இத்தனைக்குப் பிறகும் புரியாதவை

ஹெட்போனிலும் புரியாத காட்சி என்று 2-ஆம் படியில் பிரித்து வைத்தீர்களே, அதற்கு சப்டைட்டில்தான் வழி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு வகை சப்டைட்டில் இருந்தால், காது கேளாதோருக்கான வகையில் ‘கதவு திறக்கிறது’, ‘இசை’ என்பதும் சேர்ந்து வரும். வசனம் மட்டும் வேண்டுவோர் மற்றதைத் தேர்ந்தெடுக்கலாம்.

வீட்டில் எல்லோருக்கும் புரிந்து ஒருவருக்கு மட்டும் புரியவில்லை என்றால், அவரைக் காது மருத்துவரிடம் அழைத்துப் போய் ஒரு கேட்புச் சோதனை எடுத்துவிடுங்கள். வயதில் கேட்கும் திறன் குறையும்போது மேல் அலைகள்தான் முதலில் போகின்றன. அதே ‘கடை, தடை, படை’ சிக்கல்தான், இந்த முறை ஸ்பீக்கரில் இல்லாமல் காதில். அவர்கள் பேச்சைக் கேட்கிறார்கள், சொல் பிடிபடுவதில்லை. அதனால் சத்தத்தைக் கூட்டச் சொல்கிறார்கள், நாம் எரிந்து விழுகிறோம். கேட்புக் கருவி போட்டிருப்பவருக்கு, டிவியின் ஒலியை நேராகக் கருவிக்கு அனுப்பும் சிறு பெட்டிகள் கிடைக்கின்றன. இடையில் அறை என்பதே இல்லாமல் போவதால், 7-ஆம் படியின் தொல்லைகள் எல்லாம் அவருக்கு ஒரே அடியில் தீரும்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு மெனுவின் கடைசி நிலையையும் அந்தத் தாளில் எழுதி, டிவியின் பின்னால் ஒட்டிவிடுங்கள். மென்பொருள் அப்டேட்டுக்குப் பிறகு சில டிவிகளில் டிஜிட்டல் அவுட்புட்டும் சவுண்ட் மோடும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஒருநாள் திடீரென்று வசனம் மங்கினால், தாளை எடுத்து 3-ஆம் படியையும் 5-ஆம் படியையும் முதலில் பாருங்கள்.